தேய்ந்த குழலுக்குள் புதுக் குழல்

கேள்வி: பழைய ரைஃபிளின் தேய்ந்த குழலுக்குள் புதுக் குழலைச் செருகுவார்களாமே, அது எப்படி நிற்கிறது?

பதில்: குழல் கெடுவது உள்ளேதான். சுழல்வரிகளைத் துரு தின்றுவிட்டால் குண்டு சரியாகச் சுழலாது, குறி தப்பும். வெளி இரும்பு திடமாகவே இருக்கும். அதனால் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி, வரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயை நுழைக்கிறார்கள். அதுதான் லைனர்.

இதில் கடினமான வேலை கடைவதுதான். நீளத் துளையில் துரப்பணம் மெல்ல ஒதுங்கும். அதைத் தடுக்க, அதன் முனையில் பழைய துளைக்குள் கச்சிதமாக ஓடும் வழிகாட்டித் தண்டு வைப்பார்கள். லைனர் கையால் தள்ளினால் வழுக்கிப் போகும் அளவே இடைவெளி இருக்கும்.

பிடித்து நிற்க வைக்கும் பழைய முறை ஈயப் பற்று: இரண்டு பரப்புகளிலும் பற்றைப் பூசி, சூடேற்றி நுழைப்பது. இன்று பலர் எபாக்ஸி பசையை நம்புகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாவிட்டால் .22 ரகத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. கப்பல் பீரங்கிகளில் வெளிக்குழலைச் சூடாக்கி விரியவைத்து, ஆறும்போது இறுகவிடுவார்கள்.

பர்மிங்காமின் ஏ.ஜி. பார்க்கர் நிறுவனம் லைனர் வேலையில் பேர்பெற்றிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்கள் இப்படி .22 பயிற்சித் துப்பாக்கிகள் ஆயின.

நம் நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் மட்டுமே இதைத் தொடலாம். வீட்டில் முயல வேண்டாம்.