உங்கள் போனை யார் எடுப்பார்கள்?

படிப்பை முடித்துவிட்டுத் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராகச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவதுண்டு. வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நெட்வொர்க் எப்படிங்கய்யா பிடிக்கறது?"

ஒரு டி-ஷர்ட், நூலாக வந்து பெட்டியாகப் போவதற்குள் நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனையோ கை மாறுகிறது. சில பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கின்றன. மற்றவர்களுக்குப் பல வேலைகள் ஜாப் ஒர்க்தான். அங்கே வேலை செய்பவர்கள் உங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குவதில்லை. அதட்டி வேலை வாங்க உங்களுக்கு அதிகாரமும் இல்லை. நீங்கள் கேட்டால் செய்து தருவார்கள் என்ற பழக்கம் ஒன்றுதான் கைமுதல். அதைச் சேர்க்கும் வழியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. வேலை இல்லாத நாளிலும் போய் வாருங்கள்

"அந்தப் பாப்பா வந்தாலே ராத்திரித் தூக்கம் போச்சு" என்று சாயப்பட்டறையில் பேர் எடுத்துவிடாதீர்கள். போன லாட் எப்படிப் போயிற்று என்று சொல்வதற்காகவும் ஒருமுறை போங்கள். பட்டறைக்குப் புகார்தான் தவறாமல் வந்து சேர்கிறது. நல்ல பேர் கம்பெனி மெயிலிலேயே தங்கிவிடுகிறது. துணி நன்றாக இருந்தது என்று பையர் எழுதியிருந்தால், அதை மெஷின் பக்கம் நிற்பவர் காது வரை கொண்டுபோங்கள். ஆகும் செலவு ஒரு டீதான்.

2. விவரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

தாராளம் என்றதும் தீபாவளிப் பெட்டி ஞாபகம் வரும். ஆனால் பட்டறைக்காரர் உங்களிடம் எதிர்பார்ப்பது முழு விவரம். லேப் டிப் (நிறத்துக்கான சாய மாதிரி) கேட்கும்போது நிறத்தின் எண்ணை மட்டும் வாட்ஸப்பில் தட்டிவிட்டால் போதாது. பையர் எந்த விளக்கில் பார்ப்பார் என்று சொல்லுங்கள். டி65 விளக்கில் அச்சாகப் பொருந்திய நிறம், கடையில் எரியும் டிஎல்84 விளக்கில் வேறு மாதிரி தெரியலாம். உடம்பு நேவி, கழுத்து ரிப் வெள்ளை என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சாயம் வெள்ளையில் இறங்காமல் இருக்க அவர் சோப்பிங்கைக் கூட்ட வேண்டியிருக்கும். மேலே பிரிண்ட் வருமா, தைத்த பிறகு வாஷ் உண்டா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆர்டருக்கு ஓடப்போகும் அதே நூலில் ஓட்டிய துணியை லேப் டிப்புக்குக் கொடுங்கள். இத்தனையும் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாள் அவருக்கு மறுசாயம் போடும் செலவை மிச்சப்படுத்துகிறது. அடுத்த முறை உங்கள் டிப் முதலில் டப்பாவில் ஏறும்.

3. முதலாளியோடு நின்றுவிடாதீர்கள்

விலை பேசுவது முதலாளி. உங்கள் துணி எந்த ஷிப்டில் மெஷின் ஏறும் என்பதைச் சூப்பர்வைசர் முடிவு செய்கிறார். ரோலில் ஓட்டை இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் கட்டிங் மாஸ்டர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று டிரைவருக்குத் தெரியும். இவர்கள் பெயரைச் சொல்லி அழையுங்கள். வயதில் மூத்தவர் என்றால் அண்ணா, அக்கா என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன தகவலால் ஒரு லாட் தப்பித்தது என்றால், அவர்கள் முதலாளி எதிரிலேயே அதைச் சொல்லுங்கள்.

4. பில்லை மேஜையில் தூங்கவிடாதீர்கள்

தையலுக்குப் பவர்டேபிள் வைத்திருப்பவருக்கு வாரா வாரம் சனிக்கிழமை ஒரு கண்டம். டெய்லருக்கும் அவருக்கு உதவும் கைமடிக்கும் அன்றைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். செக் எழுதுவது உங்கள் கையில் இல்லை, உண்மைதான். ஆனால் டெலிவரி சலானையும் எடையையும் ஒத்துப்பார்த்து, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது. எடை குறைந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாதம் கழித்து டெபிட் நோட் போட்டால் பழக்கம் அதோடு முறிந்துவிடும்.

5. கெட்ட சேதியை நீங்களே முதலில் சொல்லுங்கள்

ஆர்டர் தள்ளிப்போனால், பையர் அளவைக் குறைத்தால், நிட்டிங்காரருக்கு அது வேறொருவர் வாயிலிருந்து தெரியக் கூடாது. இரண்டு நாள் முன்னால் சொன்னால் அந்த மெஷினில் வேறு வேலை ஏற்றிக்கொள்வார். பையரிடமும் அப்படித்தான். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொன்னால் தேதியைத் தள்ளிக் கேட்கலாம். கடைசி வாரத்தில் சொன்னால், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டி சொந்தச் செலவில் விமானம் ஏறும்.

6. சேர்த்துவிட்டு விலகிவிடுங்கள்

நண்பர் ஒருவர் எம்பிராய்டரி யூனிட் தேடுகிறார் என்றால் நம்பரை மட்டும் கொடுத்துக் கைகழுவாதீர்கள். இரு பக்கமும் பேசி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "வேலை சுத்தமுங்க, ஆனா ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகும்." பிறகு அவர்கள் பாடு. பீஸுக்குப் பத்துப் பைசா என்று கமிஷன் வாங்கினால் உங்கள் சிபாரிசுக்கு அன்றோடு மதிப்புப் போயிற்று. திருப்பூர் காதர்பேட்டையில் பேசியது அவிநாசி ரோட்டுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

7. உங்களுடையதை மட்டும் கொடுங்கள்

உங்கள் நேரம், அனுபவம், அறிமுகம் இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். பையரின் டிசைனும் கம்பெனியின் காஸ்டிங்கும் உங்களுடையவை அல்ல. ஒரு பட்டறையின் ரேட்டை இன்னொரு பட்டறையில் சொல்லி விலை குறைப்பதும் இதில் அடக்கம். கேட்டவர் அப்போது சந்தோஷப்படுவார். தன் ரேட்டும் இப்படித்தான் வெளியே போகும் என்று அவருக்கும் தெரியும்.

8. கணக்கு வையாதீர்கள், ஏமாளியாகவும் இருக்காதீர்கள்

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டிய நிலை. அன்றைக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு வெளியூர்ப் பட்டறைகளில் இடம் கிடைத்தது. பழைய பழக்கத்துக்கும் கிடைத்தது. எப்போதோ செய்த உதவி எந்தத் திசையிலிருந்து திரும்பி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காக, எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு வாரிக் கொடுத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நேரில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மாறவில்லையென்றால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. கம்பெனி மாறும்போது சுத்தமாக மாறுங்கள்

இந்தத் தொழிலில் கம்பெனி மாறாதவர் குறைவு. கிளம்பும் முன்பு நிலுவை பில்களை முடித்துக் கொடுங்கள். எந்த சாம்பிள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அடுத்து வருபவரை நிட்டிங்காரரிடமும் சாயப்பட்டறையிலும் நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். புது இடத்தில் முதல் சாம்பிளுக்கு நீங்கள் ஆள் தேடும்போது உங்கள் விசிட்டிங் கார்டை யாரும் பார்க்க மாட்டார்கள். பழைய கம்பெனியில் விட்டுவந்த பில் பைசலானதா என்றுதான் கேட்பார்கள்.