தலையில் பட்ட அடி: வெளியே தெரியாத காயம்



குளிர்காலம் வந்தால் எமது ரண்டர்ஸ் நகரின் சரிவான வீதிகளில் பனிக்கட்டி படிந்துவிடும். வழியில் வழுக்கி விழுந்த பெரியவர்கள், "ஒன்றுமில்லை, தலையில் சின்ன அடிதான்" என்று சொல்லிக்கொண்டு பூசைக்கு வந்து நிற்பதுண்டு. பிள்ளைகள் சைக்கிளால் விழுந்தாலும் இதே பேச்சுத்தான். ஆகவே இம்முறை மூளைக்காயம் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

காயம் எப்படி ஏற்படுகிறது?

மிக மென்மையான எமது மூளை, மண்டையோட்டினுள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை சடுதியாக மோதும்போது மூளை உள்ளே அசைந்து ஓட்டில் இடிபடுகிறது. நரம்பிழைகள் இழுபடுகின்றன, சிலவேளை இரத்தக்குழாயும் வெடிக்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. எனவே கசியும் இரத்தம் மூளையை அழுத்தத் தொடங்குகிறது.

இதற்கு நேரம் எடுக்கலாம் என்பதே ஆபத்து. இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவை நினைவிருக்கலாம். 1998 பெப்ரவரியில் டாக்காவில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு அருகே களத்தில் நின்றபோது பந்து தலையைத் தாக்கியது. அவர் தம் கால்களாலேயே நடந்து வெளியேறினார். பின்பு நினைவிழந்து, மூன்று நாட்களில் காலமானார். வயது 38.

வயோதிபர்களுக்கு, அதிலும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போருக்கு, கசிவு மெதுவாக நடந்து, வாரக்கணக்கின் பின்னரும் வெளிப்படலாம்.

கடுமையை எப்படி அளக்கிறார்கள்?

1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனெட் என்னும் இரு மருத்துவ நிபுணர்கள் ஓர் அளவையை வகுத்தார்கள். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். 13 முதல் 15 வரை இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8உம் அதற்குக் கீழும் கடுமையானது.

இங்கே எம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. டெனிஷ் தெரியாத அம்மா கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், அது மொழி புரியாமையா, மூளை குழம்பியதா என்று வைத்தியருக்கு எப்படித் தெரியும்? ஆகவே கூடச் செல்பவர் தமிழில் கேட்டு, பதில் சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். அவர் முன்பு எவ்வளவு டெனிஷ் பேசுவார், என்ன மருந்து எடுக்கிறார் என்பதையும் தெரிவியுங்கள்.

உடனே 112ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

- திரும்பத் திரும்ப வாந்தி
- கூடிக்கொண்டே போகும் தலையிடி
- எழுப்பினாலும் விழிக்க முடியாத நித்திரை
- வலிப்பு, குழப்பமான பேச்சு
- ஒரு பக்கக் கை கால் சோர்தல்
- காது, மூக்கு வழியே இரத்தம் அல்லது தெளிந்த நீர்

இவை இல்லாவிட்டாலும் முதல் நாள் முழுவதும் அவரைத் தனியே விடாதீர்கள். குருதி உறையாத மருந்து எடுப்பவராயின் அறிகுறிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் பேசுங்கள்.

பின்விளைவுகள்

இலேசான அடி பட்டோரில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். சிலருக்கு மறதி, கடும் களைப்பு, கவனக்குறைவு, சட்டென்று வரும் கோபம் என்பன நீடிக்கும். கடுமையான காயமானால் குணமே மாறிப்போனதுபோல் தோன்றும். வெளியே காயம் ஆறியிருப்பதால் நாமும் "சோம்பேறி", "திமிர்" என்று சொல்லிவிடுகிறோம். காலுடைந்தவரை ஓடு என்று சொல்வோமா? இதுவும் அப்படித்தான். தவில், நாதஸ்வர ஒலியும் பளிச்சென்ற விளக்கும் தாங்க முடியாமல் ஒருவர் திருவிழாவில் பாதியில் எழுந்து சென்றால், அதைக் குறையாகப் பேச வேண்டாம்.

கடுமையான காயமடைந்தோருக்கான மறுவாழ்வுச் சிகிச்சை எமக்கு அண்மையில் ஹம்மல் நியூரோசென்டரில் உண்டு. வைத்தியசாலையை விட்டு வந்தபின்னும் பயிற்சி தேவைப்படுவோருக்கு அங்கேயே அதற்கான திட்டம் எழுதித் தரப்படும். பயிற்சியை வழங்குவது கொம்யூனின் பொறுப்பு. இதை வெட்கமென்று மறைக்காமல் கேட்டுப் பெறுவோம்.

சைக்கிளில் தலைக்கவசம் அணிய டென்மார்க்கில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எமது வீடுகளில் நாமே அதைக் கட்டாயமாக்குவோம்.