வலிக்காத காலுக்குப் பயப்படு

அன்புத் தம்பிக்கு,

டெங்கிலில் நீ திறக்கப்போகும் வைத்தியசாலையின் பெயர்ப்பலகைப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எழுத்து அழகு. எழுதியிருப்பதைத்தான் இன்றைக்கே மாற்றிவிடு. ‘மூட்டுவலி, இனிப்புநீர், பக்கவாதம் பூரண குணம்’ என்று போட்டிருக்கிறாய். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத 20 நோய்களை மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. இனிப்புநீரும் பக்கவாதமும் அதில் உண்டு. 2016இல் வந்த, பாரம்பரிய வைத்தியத்துக்கான 775ஆம் சட்டம் நம்மைப் போன்றவர்களையும் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கியிருக்கிற நேரத்தில் இந்த வம்பு எதற்கு? ‘எண்ணெய், ஒத்தடம், பற்று’ என்று எழுது, போதும். அப்புறம், முட்டிவலி பார்க்க மாடியில் அறை எடுத்த ஒரே வைத்தியன் நீயாகத்தான் இருப்பாய். கீழே ஒரு கடை காலியானால் விடாதே.

டெங்கிலில் உன்னைத் தேடி வரப்போவது யார் தெரியுமா? புத்ராஜெயா எழும்புவதற்காக பெராங் பெசார், காலவே, செஜ்லி, மெடிங்லி தோட்டங்களை விட்டுவந்து தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேறிய சனங்கள். காண்டாக் கம்பில் ரப்பர் பால்வாளி சுமந்த தோள்கள். செம்பனைக் குலை வெட்ட அண்ணாந்து அண்ணாந்து இறுகிப்போன கழுத்துகள். அவர்களுடைய பிள்ளைகள் விமான நிலையத்திலும் தொழிற்சாலை வாசலிலும் நாள் முழுக்க நிற்கிறார்கள். குதிகால் குத்துகிறது என்பார்கள். எங்கே வலி என்று கேட்பதற்கு முன்னால், என்ன வேலை பார்த்தீங்க என்று கேள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

மருந்து நீ படித்ததுதான். நொச்சித் தழையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம். சுளுக்குக்கு மூசாம்பரத்தை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்று. வீக்கத்துக்குப் புளியும் கல்லுப்பும் கொதிக்கவைத்து இளஞ்சூட்டில் தடவுவது. நொச்சி கிடைக்காவிட்டால் மலாய்க்கார அக்காமார்களிடம் லெமுனி கேள். நம் நீர்நொச்சிதான் அது. அவர்கள் அதைச் சோற்றில் போட்டுச் சமைக்கிறார்கள். எண்ணெய் காய்ச்சும்போது கற்பூரத்தை அடுப்பில் இருக்கும் சட்டியில் போடாதே. ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கவும் செய்யும். இறக்கி, சூடு தணிந்த பிறகு சேர். கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எதையும் தடவக் கொடுக்காதே. வலிப்பில் கொண்டுபோய் விடும். புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் ஆசை வந்தால் முதலில் பதிவு செய்து மால் (MAL) எண் வாங்கு.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். மணமே சொல்லிவிடும். அதைக் கேலி செய்யாதே. அதிலிருக்கும் மீத்தைல் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. அதனாலேயே, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுக்கொள். அப்படிப்பட்டவருக்கு அந்தத் தைலத்தை அள்ளிப் பூசக்கூடாது. மிளகாய் சேர்ந்த காரத் தைலத்தையும் கேலி செய்யாதே. மிளகாயின் காரம் நரம்பில் சூடாக உறைப்பது எப்படி என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தேய்த்தால் வலி ஏன் தணிகிறது என்பதற்கு மெல்சாக், வால் என்ற இருவர் 1965லேயே ஒரு விளக்கம் சொன்னார்கள்: தொடுகையின் சேதி முதுகுத்தண்டில் முந்திக்கொண்டு வலியின் சேதிக்குக் கதவைச் சாத்துகிறது. ஆகவே உன் எண்ணெயைப் பற்றி ரொம்பப் பெருமைப்படாதே. உன் உள்ளங்கைக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவசரப்படுகிற கைக்கு அந்தப் பங்கு கிடைக்காது.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். தொழிலுக்கு வந்து நான்காம் வருடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரியவர் முட்டிவலி என்று வந்தார். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். ‘கால் மரத்த மாதிரி இருக்குப்பா, அங்கேயும் கொஞ்சம் வையேன்’ என்றார். பாதத்திலும் வைத்தேன். ‘சூடு போதுமா?’ என்று கேட்டேன். ‘இன்னும் வைக்கலாம்’ என்றார். என் கைக்குச் சுட்ட மூட்டை அவர் காலுக்குச் சுடவில்லை; அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மட்டும், ‘எனக்கு வலிக்கவே இல்லையேப்பா’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம். பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்பைத் தின்றுவிடும். வலி என்று கத்துகிறவர் உன்னைக் காப்பாற்றுகிறார், தம்பி. சும்மா இருக்கிற காலுக்குத்தான் நீ பயப்பட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல். விரல் இடுக்குகளைப் பார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேள். தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்கு ஒத்தடமும் இல்லை, காரத் தைலமும் இல்லை. அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பு. அன்றைக்குக் காசு வாங்காதே.

அடுத்த மாதம் டெங்கில் வருகிறேன். நொச்சிக் குச்சி நாலு கொண்டுவருகிறேன், தொட்டியில் நட்டுக்கொள். பஞ்சு எடுத்து வை. எனக்கும் சர்க்கரை வந்து பதினோரு வருடமாகிறது. இடது கால் சுண்டுவிரலில் கொஞ்ச நாளாகச் சந்தேகம். என் மகளிடம் சொல்லாதே. நீயே பார்த்துச் சொல்.