மின்னால் விரியும் இறப்பர்: செயற்கைத் தசைகள்



நெல் ஆலையில் உள்ள மோட்டரையும் உங்கள் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டருக்குள் உருக்கும் செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. கைத்தசை மென்மையானது, அது சுருங்கி எலும்பை இழுக்கிறது. மின்னைக் கொடுத்ததும் தசைபோல விரைவாக அசையும் மென்பொருள் ஒன்றைச் செய்ய முடியுமா? முடியும். நீங்கள் பல்பகுதியங்கள் என்ற பாடத்திற் கற்ற இறப்பர் போன்ற பொருட்களே அதற்குப் போதும்.

மெல்லிய சிலிக்கன் இறப்பர்ப் படலம் ஒன்றை எடுத்து, அதன் இரு பக்கங்களிலும் இழுபடக்கூடிய காபன் பூச்சைப் பூசுகின்றனர். படலம் காவலி, பூச்சு கடத்தி. எனவே இது ஒரு கொள்ளளவி. சில ஆயிரம் வோல்ற்று கொடுத்தால் ஒரு பக்கம் நேரேற்றமும் மறுபக்கம் மறையேற்றமும் சேரும். எதிரேற்றங்கள் ஒன்றையொன்று கவர்வதால் இடையிலுள்ள படலம் அமுக்கப்படும். ரொட்டி மா உருண்டையை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து அமுக்கினால் என்ன நடக்கும்? மெலிந்து அகலும். படலமும் அப்படியே. மின்னிறக்கம் செய்ததும் மீள்தன்மையாற் பழைய நிலைக்குத் திரும்பும்.

கவனிக்க: வெல்லாவெளியில் என் வகுப்பில் இதைக் கேட்டபோது பலர், "மின்னோட்டம் பாய்வதால் இறப்பர் சூடாகி விரிகிறது" என்று எழுதினர். பிழை. படலம் காவலி, அதனூடாகக் குறிப்பிடத்தக்க மின்னோட்டம் பாய்வதில்லை. காரணம் கவர்ச்சி விசையே.

இது புதிய விடயமுமன்று. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன், அதற்கு முன்னரே 1880இல் இறப்பர்ப் பட்டியொன்றை மின்னேற்றி அதன் நீளம் மாறுவதைக் காட்டினார். நம் நாட்டின் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டு அப்போது 4 வருடங்களே. ஆனால் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவன ஆய்வாளர்கள், முன்கூட்டியே இழுத்துப் பிடித்த படலங்களில் 100 சதவீதத்திற்கும் மேற்பட்ட விகாரத்தைப் பெற்றனர்.

வேகத்திற்குக் காரணம், மின்னேற்றம் மிகக் குறுகிய நேரத்தில் நிகழ்வதே. 2013இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இவ்வகைப் படலத்தாற் செய்த ஒளிபுகும் ஒலிபெருக்கி, 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை ஒலித்தது.

அப்படியானால் பலம்? 2005இல் சன்டியாகோ நகரில் மூன்று செயற்கைத் தசைக் கைகள், உங்களைவிடச் சற்று மூத்த 17 வயதுப் பாடசாலை மாணவி ஒருவருடன் கைமல்யுத்தம் செய்தன. மூன்றும் தோற்றன! அதிக நேரம் தாக்குப்பிடித்த கைகூட 26 செக்கன்தான். உயர் வோல்ற்றளவு தேவைப்படுவது இன்னொரு சிக்கல். இதனால் இன்று மிக மெல்லிய படலங்களை அடுக்கடுக்காக வைக்கின்றனர். (வீட்டில் உயர் வோல்ற்றளவுடன் எதையும் முயலாதீர்கள்.)

வினா 1: 40 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள படலத்தின் தடிப்பு 0.06 மில்லிமீற்றரிலிருந்து 0.04 மில்லிமீற்றராகக் குறைந்தது. கனவளவு மாறாதெனின் புதிய பரப்பளவு யாது?

விடை: 40 × 0.06 ÷ 0.04 = 60 சதுர சென்ரிமீற்றர். இருபுறமும் தடிப்பின் அலகு ஒன்றே என்பதால் அலகு மாற்றம் தேவையில்லை. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

வினா 2: வோல்ற்றளவை மேலும் மேலும் கூட்டினால் படலம் துளைபட்டுப் பழுதடைவது ஏன்?

விடை: படலம் மெலியும்போது அதே வோல்ற்றளவுக்கும் மின்புலம் வலுவடையும், அதனால் மேலும் மெலியும். இறுதியில் காவலித்தன்மை உடைந்து பொறி பாயும்.