நாடித்துடிப்பின் கணக்கு யாரிடம் இருக்க வேண்டும்?

பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலையில் மெதுவோட்டம் ஓடுவோர் பலரின் மணிக்கட்டில் இன்று திறன்கடிகாரத்தைக் காணலாம். எத்தனை அடி நடந்தோம், இதயம் எப்படித் துடித்தது, எப்போது உறங்கினோம் என்பனவற்றை அது இரவுபகலாகக் குறித்து வைக்கிறது. அக்குறிப்புகள் யாரிடம் சேர்கின்றன? அவற்றை நம்மிடமே வைத்துக்கொள்ள வழியுண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிகாரம் அளப்பது எப்படி?

கடிகாரத்தினுள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவைக் கொண்டு அடிகளை எண்ணுகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளைக் கைவீசி ஏறுபவரின் கணக்கும், தலையில் பால்குடத்தைப் பிடித்தபடி ஏறுபவரின் கணக்கும் வேறுபடலாம். கை அசையாதபோது சில அடிகள் விடுபட்டுவிடும்.

நாடித்துடிப்பை அளப்பது பச்சை ஒளி. இரத்தம் அவ்வொளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு மாறுவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. இத்தகைய ஒளி உமிழும் டையோடுகள் பினாங்கிற்குப் புதியவை அல்ல. 1970களில் பாயான் லெப்பாசுக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களுள் ஒன்றான லிட்ரோனிக்ஸ் இத்துறையைச் சேர்ந்ததே.

உறக்கத்தை ஆராயும் மருத்துவர்கள் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வர். கடிகாரமோ அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் படுத்துப் படிப்பவரையும் உறங்குபவராகக் கருதிவிடலாம். ஆகவே, அது காட்டும் ‘ஆழ்ந்த உறக்கம்’ ஒரு மதிப்பீடே. மருத்துவப் பரிசோதனை முடிவன்று.

குறிப்புகள் செல்லுமிடம்

நிறுவனச் செயலிகள் பெரும்பாலும் நம் குறிப்புகளைத் தங்கள் சேவையகத்திற்கு அனுப்புகின்றன. இதனால் இரு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, அந்தரங்கம். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், பயனர்கள் ஓடிய தடங்களைப் பெயரின்றி ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் இராணுவ முகாம்கள் புலப்படுவதை 2018 ஜனவரியில் சுட்டிக்காட்டியவர் நேத்தன் ரூசர் என்னும் 20 வயது ஆஸ்திரேலிய மாணவர். பெயரை நீக்கினாலும் இடமும் பழக்கமும் நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டாவது, ஆயுள். பெபிள் கடிகார நிறுவனத்தின் உடைமைகளை 2016இல் ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூனில் அதன் இணையச் சேவைகள் நின்றன. ஆயினும், ரீபிள் என்ற தன்னார்வலர் குழுவின் முயற்சியால் அக்கடிகாரங்கள் தொடர்ந்து இயங்கின.

திறந்த மூல வழி

பெபிளுக்காக 2015இல் தொடங்கிய ஆண்ட்ராய்டு செயலிதான் கேட்ஜெட்பிரிட்ஜ். இன்று இது பல நிறுவனங்களின் கடிகாரங்களோடு இணைகிறது. கணக்குத் திறக்கத் தேவையில்லை. குறிப்புகள் நம் கைப்பேசியிலேயே தங்குகின்றன. இதன் மூல நிரலை எவரும் படித்துச் சரிபார்க்கலாம்.

குறைகளும் உண்டு. சில கடிகாரங்களுக்கு முதலில் நிறுவனச் செயலியின் வழியே திறவுகோலைப் பெறவேண்டும். உறக்கக் கணிப்பு கடிகாரத்தின் உள்ளேயே நடந்தால், அது எப்படி நடக்கிறது என்பதும் மறைவாகவே இருக்கும். கைப்பேசி தொலைந்தால் குறிப்புகளும் தொலையும். நகலெடுத்து வைப்பது நம் பொறுப்பு. கடிகாரத்தின் உள்நிரலையும் படிக்க விரும்புவோருக்கு பேங்கிள் ஜேஎஸ் போன்ற திறந்த மூலக் கடிகாரங்கள் உள்ளன.

நம் பங்கு

திறந்த மூலச் செயலிகளை எவரும் மொழிபெயர்க்கலாம். 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாட்டில் வாழும் நமக்கு இப்பணி அந்நியமன்று. மேலோட்ட உறக்கம், ஆழ்ந்த உறக்கம் என எளிதாகச் சொல்லிவிடலாம். கண்விழிகள் விரைந்தசையும் கனவுநிலை உறக்கத்திற்கு, பாட்டிக்கும் புரியும் சொல் எது? கணினி மாணவரும் மருத்துவ மாணவரும் தமிழ் மாணவரும் கூடி அமர்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். அத்தகைய ஒரு பட்டறையை நம் கழகம் நடத்தலாமே!