மலைப் பச்சைக்கு அளவுகோல்

கேள்வி: உக்கடம் பெரியகுளத்துக்கு மேற்கே தெரியும் மலைகள் மழைக்குப் பின் பச்சையாகின்றன. அந்தப் பச்சையை எப்படி அளக்கிறார்கள்?
– ஒரு வாசகர், உக்கடம்

பதில்: புதர்ச்சரிவில் அளவு நாடாவை நேராக இழுத்துக் கட்டி, செடிகளின் தழை எவ்வளவு தூரம் கவிந்திருக்கிறது என்று குறிப்பார்கள். 30 மீட்டரில் 12 மீட்டருக்கு விராலியும் களாவும் இருந்தால், செடி மூடிய பரப்பு 40 சதவீதம்.

விளைச்சல் வேறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து, உலர்த்தி எடை போடுவார்கள். புதரை வெட்ட வேண்டாம். அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து கணக்கிட்டால் போதும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் அகலம். பச்சை தெரியும்; ஆனால் அது விராலியா, உண்ணிச்செடியா என்று ஏறிப் பார்ப்பதே நல்லது. உண்ணிச்செடி மலிந்த சரிவில் மாட்டுக்குப் புல் மிஞ்சாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், மறுபடி கோடையிலும், அதே இடத்தில் அளக்க வேண்டும்.