கன்ட்ரோல் காட்டிய 170

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் படிக்கிற கன்ட்ரோல் சார்ட் எங்கள் மெடிக்கல் லேபிலும் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. ஷூவார்ட் 1924-இல் தொழிற்சாலைக்காக வரைந்ததை, 1950-இல் லீவியும் ஜென்னிங்ஸும் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். அளவு தெரிந்த ஒரு சீரத்தைத் தினமும் நோயாளிகளின் சீரத்தோடு சேர்த்துச் சோதித்து, வரும் விடையைச் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் பயிற்சிக்குப் போன லேபில் கொலஸ்ட்ரால் கன்ட்ரோலின் சராசரி 180 மி.கி., திட்ட விலக்கம் 4. அதாவது 172 முதல் 188 வரை வரலாம். ஒருநாள் 171 வந்தது. ஒரு மி.கி.தானே என்று டிக் போட்டுவிட்டேன். மறுநாள் 170. அன்றைய குழாய்களில் என் அப்பாவுடையதும் ஒன்று. தறி நெய்கிறவர். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என்ன படிக்கிறேன் என்று பார்க்கட்டுமே என்று நானே இரத்தம் எடுத்திருந்தேன். விடை 196. இருநூறுக்குக் கீழே! ஒரே சந்தோஷம்.

"கன்ட்ரோலை இன்னொரு தடவை போட்டா உள்ளே வந்துடும்க்கா" என்றேன். "வர்ற வரைக்கும் போட்டா அதுக்குப் பேரு லாட்டரி தம்பி" என்று சீனியர் அக்கா ரிப்போர்ட் நோட்டை மூடிவிட்டார். வெஸ்ட்கார்ட் 1981-இல் தந்த விதிகளில் ஒன்று இது: அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கத்தில் 2 திட்ட விலக்கத்தைத் தாண்டினால் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது.

தேடினோம். ரீஏஜென்ட் தேதி சரி, பிப்பெட் சரி. வாட்டர் பாத்தில் தெர்மாமீட்டரை விட்டால் 37-க்குப் பதில் 29! டயல் மட்டும் 37-இல் நிற்கிறது. சீரத்திலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்டராக இருக்கிறது. எஸ்டரேஸ் என்சைம் அதை உடைத்த பிறகுதான் அடுத்த என்சைம் வேலை செய்து நிறம் வரும். சூடு குறைந்தால் அதற்கு ஐந்து நிமிடம் போதாது. நாங்கள் வைத்திருந்த ஸ்டாண்டர்டோ எஸ்டர் இல்லாத கொலஸ்ட்ரால். உடைக்கிற வேலையே அதற்கு இல்லை. ஆகவே ஸ்டாண்டர்டு நிறம் சரியாக வரும், சீரம் மட்டும் குறையும். கன்ட்ரோலும் சீரம் என்பதால்தான் காட்டிக்கொடுத்தது.

பாத்தைச் சரிசெய்து மறுபடி போட்டோம். கன்ட்ரோல் 181. அப்பா 208. "காலையில நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் அப்பா.

முந்தின நாள் சீரங்கள் ஃபிரிட்ஜில் இருந்தன. அவற்றையும் போட்டோம். இருநூறுக்குக் கீழே என்று ரிப்போர்ட் வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் இப்போது இருநூறைத் தாண்டினார்கள். ஒருவரைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தோம். இன்னொருவர் போன் நம்பர் எழுதிவிட்டுப் போகவில்லை.